இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் கடும் நோயைக் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

பிறந்து 59 நாட்களுக்கு உட்பட்ட குழந்தைக்கு நோய் முற்றும்போது, பெரிய குழந்தைகளிடம் நாம் பார்த்துப் பழகிய அடையாளங்கள் பெரும்பாலும் தென்படுவதில்லை. காய்ச்சல் கொதிக்காது, வீறிட்ட அழுகையும் இருக்காது. பால் குடிப்பது குறையும், உடல் சில்லிடும், கை கால் ஆட்டம் ஓயும். வீட்டார் கண்ணுக்கு அது சமர்த்தாகத் தூங்குகிற பிள்ளையாகவே தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையோரக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நான், குழந்தையின் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்று முதல் சில ஆண்டுகள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை தவறு. ஒவ்வொரு குழந்தையையும் ஒரே வரிசையில், ஒரே அளவுகோலால், ஒன்றையும் விடாமல் பார்ப்பதுதான் கடும் நோயைப் பிடிக்கும் வழி. இந்த வழிகாட்டி புதிதாகப் பணிக்கு வரும் செவிலியர்களுக்கும், வீட்டில் பச்சிளங்குழந்தையை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் எழுதப்பட்டது.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 1990-களில் குழந்தை நோய்களை ஒருங்கிணைத்துக் கையாளும் முறையை வகுத்தன. இந்தியா அதை ஏற்றபோது, பிறந்த நாளிலிருந்தே குழந்தையைப் பரிசோதிக்கும் பகுதியைச் சேர்த்து, 'ஐ.எம்.என்.சி.ஐ.' என்று நாம் பயிற்சியில் படிக்கும் முறையாக அமைத்துக்கொண்டது. அதில் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி அட்டை உண்டு.

இந்த வயதுக்குரிய அடையாளங்களை உறுதிப்படுத்தியதில் 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுக்கு முக்கிய இடம் உண்டு. வங்கதேசம், பொலிவியா, கானா, இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா ஆகிய 6 நாடுகளில் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட 8,889 குழந்தைகளை, சுகாதாரப் பணியாளர் ஒருவரும் குழந்தை மருத்துவர் ஒருவரும் தனித்தனியே பரிசோதித்தார்கள். பால் குடிக்கச் சிரமம், வலிப்பு, தூண்டினால் மட்டும் அசைதல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, நெஞ்சு ஆழமாகக் குழி விழுதல், 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பநிலை, 35.5 டிகிரிக்குக் குறைந்த வெப்பநிலை ஆகிய 7 அடையாளங்கள் இறுதியில் தேறின. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும் என்று வைத்துக்கொண்டால், முதல் வாரத்தில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய கடும் நோயுள்ள 100 குழந்தைகளில் 85 பேரை அடையாளம் காண முடிந்தது; அப்படிப்பட்ட நோய் இல்லாத 100 பேரில் 25 பேரும் இந்த வலைக்குள் விழுந்தார்கள்.

இந்தக் கணக்கை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 'நீங்கள் அனுப்பிய குழந்தைக்கு ஒன்றும் இல்லையாம்' என்று ஊரார் குறைப்பட்டுக்கொள்வது இந்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. அதற்காக அடுத்த குழந்தையை அனுப்பத் தயங்கக் கூடாது. வீணாய்ப் போன ஒரு பயணத்தால் இழப்பது ஒரு நாள் கூலி. அதே சமயம், 15 பேர் முதல் பார்வையில் தப்பிவிடுகிறார்கள் என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் திரும்பத் திரும்ப வீட்டுக்குப் போகச் சொல்வது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

முதல் படி: தாயிடம் கேட்பது

குழந்தையைத் தொடுவதற்கு முன் தாயிடம் கேட்க வேண்டும். வயதை நாள் கணக்கில் கேட்டு, தாய் சேய் நல அட்டையிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 6 நாள் குழந்தையும் 8 நாள் குழந்தையும் பிறகு வேறு வேறு வகையில் சேரக்கூடும். பிறந்த எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

'பால் குடிக்கிறதா?' என்று கேட்டால் 'குடிக்குது' என்றுதான் பதில் வரும். பக்கத்தில் மாமியார் நிற்கும்போது வேறு பதில் சொல்ல எந்தப் பெண்ணும் துணிய மாட்டாள். 'நேத்து இந்நேரம் குடிச்ச மாதிரியே இப்பவும் குடிக்குதா? கடைசியா எப்ப குடிச்சுது? எத்தனை நேரம் குடிச்சுது?' என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை குடிப்பதை நிறுத்துவது ஆபத்தின் அடையாளம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமோ தெலுங்கோ பேசும் வீடாக இருந்தால், அந்த மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். சைகையால் கேட்கக்கூடிய கேள்வி அல்ல இது.

அடுத்தது வலிப்பு. பச்சிளங்குழந்தையின் வலிப்பில் கை கால் வெட்டி இழுக்க வேண்டும் என்பதில்லை. கண் ஒரே பக்கம் நிலைகுத்துவது, எதுவும் வாயில் இல்லாமலே சப்புக்கொட்டுவது, சைக்கிள் மிதிப்பதுபோல் கால் சுழல்வது ஆகியவையும் வலிப்பாக இருக்கலாம். வெறும் நடுக்கமா வலிப்பா என்ற ஐயம் வந்தால், ஆடுகிற கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். நடுக்கம் பிடித்தவுடன் நிற்கும். வலிப்பு உங்கள் பிடிக்குள்ளும் தொடரும்.

வீட்டார் 'மாந்தம்' என்றோ 'பட்சி தோஷம்' என்றோ சொன்னால் மறுத்துப் பேசாமல், அந்தச் சொல்லால் அவர்கள் குறிப்பது என்ன என்று கேளுங்கள். பால் கக்குவது, வயிறு உப்புவது, நீலம் பாய்வது, விறைப்பது என்று அந்த ஒரு சொல்லுக்குள் பல செய்திகள் இருக்கும். மந்திரித்துக் கயிறு கட்டிய நாள் எது என்று தெரிந்தால் நோய் தொடங்கிய நாளும் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: மூச்சை எண்ணுவது

குழந்தை அமைதியாக இருக்கும்போது மட்டுமே எண்ண வேண்டும். ஆகையால் சட்டையைக் கழற்றுவது, தோலைத் தொடுவது, எடை போடுவது எல்லாம் இதற்குப் பிறகே. தாயின் மடியிலேயே படுக்க வைத்து, வயிறும் நெஞ்சும் தெரியுமளவு துணியை விலக்கிவிட்டு, கைபேசியின் கடிகாரத்தை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது கூடாது. பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை. சில வினாடிகள் வேகமாக ஓடும், சில வினாடிகள் நிற்கும், மறுபடி ஓடும். அந்த நிறுத்தம் அரை நிமிடத்துக்குள் விழுந்தால் எண்ணிக்கை குறைந்துவிடும்.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில், மழை வருகிறது என்ற அவசரத்தில் அரை நிமிடம் எண்ணினேன், 28 வந்தது, 56 என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனையில் மழை பிடித்துக்கொண்டதால் அதே வீட்டுத் திண்ணைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மறுபடியும் முழு நிமிடம் எண்ணினேன். 66. இன்னொரு முறை எண்ணினேன். 64. அன்று மழை வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

எண்ணிக்கை 60 அல்லது அதற்கு மேல் வந்தால், மறுபடியும் ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டாவது முறையும் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே அது வேகமூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை இந்த எல்லை 50. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. பெரிய குழந்தையின் எண்ணை இங்கே பொருத்திவிடாதீர்கள்.

எண்ணி முடித்த கையோடு நெஞ்சைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறதா என்பதே கேள்வி. இந்த வயதில் நெஞ்சுக்கூடு மென்மையானது என்பதால் இலேசான குழிவு இயல்பாகவே இருக்கும். எட்ட நின்று பார்த்தாலும் தெரியும்படி ஆழமாக, ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தால்தான் அது ஆபத்து. மூக்கின் ஓரம் விரிந்து சுருங்குவதும், மூச்சை வெளிவிடும்போது முனகல் கேட்பதும் நம் அட்டையில் ஆபத்து அடையாளங்களே. முனகலைக் கேட்க வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள்.

மூன்றாம் படி: சூடும் குளிரும்

வெப்பமானியின் நுனியை அக்குளின் நடுவில் வைத்து, கையை உடலோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் வெப்பமானி என்றால் ஒலி எழுப்பும்வரை காத்திருங்கள். பாதரச வெப்பமானியின் அளவுகோல் 35 டிகிரியில்தான் தொடங்கும். அதற்குக் கீழே போன குழந்தையின் உண்மை நிலையை அது காட்டாது. கடையில் வாங்கும் பல கருவிகள் பாரன்ஹீட்டில் காட்டுவதால், எல்லைகளை இரண்டு வகையிலும் நினைவில் வைத்திருங்கள்: 37.5 டிகிரி செல்சியஸ் என்பது 99.5 பாரன்ஹீட், 35.5 என்பது 95.9. மேல் எல்லையைத் தொட்டாலும் தாண்டினாலும், கீழ் எல்லைக்குக் குறைந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பிந்தைய வழிகாட்டுதல்களில் காய்ச்சலின் எல்லை 38 டிகிரி என்று இருக்கிறது. உங்களுக்குப் பயிற்சியில் தரப்பட்ட அட்டையில் எந்த எண் அச்சாகியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

காய்ச்சலைக் கண்டு பயப்படாத வீடு இல்லை. குளிரைக் கண்டு பயப்படும் வீட்டை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அஞ்செட்டிக்கு மேலே ஒரு குடியிருப்பில், மார்கழி மாதக் காலையில், 11 நாள் பெண் குழந்தையைப் பார்க்கப் போனேன். ராகிக் களி கிளறிக்கொண்டிருந்த பாட்டி, 'தங்கமான புள்ளைம்மா, ராவெல்லாம் அழவே இல்ல, நல்லாத் தூங்குது' என்று பெருமையாகச் சொன்னார். இரண்டு போர்வைக்குள் இருந்த குழந்தையின் பாதத்தைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. வயிற்றைத் தொட்டேன், வயிறும் சில்லென்றிருந்தது. வெப்பமானி 35.1 காட்டியது. உள்ளங்காலைச் சுண்டினால் காலை இழுத்துக்கொண்டாள், உடனே பழையபடி கிடந்தாள். மார்பில் போட்டால் காம்பை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அழாத இரவு நோயின் இரவு என்று அந்தப் பாட்டிக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

வெப்பமானி இல்லாத வீட்டில் புறங்கையே கருவி. பாதமும் வயிறும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது. இரண்டும் சில்லிட்டிருந்தால் ஆபத்து. 35.5-க்கும் 36.4-க்கும் இடையில் இருக்கும் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்து அணைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, மேலே போர்த்தி, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஏறவில்லையானால் அனுப்ப வேண்டும். தளியும் தேன்கனிக்கோட்டையும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே குளிர் மிகுந்த பகுதிகள். அங்கே பிறந்த குழந்தையைத் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும் வழக்கம், குறிப்பாக எடை குறைந்த குழந்தைக்கு, இந்தக் குளிர்ச்சியைக் கூட்டத்தான் செய்கிறது.

நான்காம் படி: அசைவு, உச்சிக்குழி, தோல், தொப்புள்

விழித்திருக்கும் குழந்தை தானாகக் கை கால் ஆட்ட வேண்டும். தூங்கும் குழந்தையைத் தாயே எழுப்பட்டும். எழவில்லை என்றால் நீங்கள் உள்ளங்காலை இரண்டு மூன்று முறை சுண்டுங்கள். சுண்டும்போது மட்டும் அசைந்து பிறகு ஓய்ந்துவிடுவதும், சுண்டினாலும் அசையாமல் இருப்பதும் உடனே அனுப்ப வேண்டிய அடையாளங்கள்.

உச்சிக்குழி துடிப்பது இயல்பு. குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும் நிலையிலும் அது மேலெழும்பி விம்மியிருந்தால் அபாயம். பிறகு குழந்தையை முழுவதும் திறந்து, கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று சீழ்க்கொப்புளங்களைத் தேடுங்கள். பத்தும் அதற்கு மேலும் இருந்தாலோ, ஒரே ஒரு பெரிய கட்டி இருந்தாலோ கடும் தொற்றாகக் கொள்ள வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலும், தொப்புள் சிவந்தோ சீழ் வடிந்தோ இருந்தாலும், வேறு ஆபத்து அடையாளம் எதுவும் இல்லாத நிலையில் அது அந்த இடத்துத் தொற்று மட்டுமே. தொப்புளில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதையும் வைக்கக் கூடாது. உலர்ந்து தானாக விழட்டும்.

மஞ்சள் காமாலையைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். குழந்தையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், எந்த வயதிலும் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாக இருந்தாலும் அது கடும் காமாலை. 'காலை வெயிலில் காட்டுகிறோம்' என்று சொல்லும் வீடுகளில், அது சிகிச்சை அல்ல என்பதையும், அப்படிக் காட்டிக்கொண்டிருந்த நாட்களில் காமாலை மூளையைத் தாக்கிவிடலாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு பற்றி ஒரு சொல்: தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்ததும் மலம் கழிப்பது நோயல்ல. வழக்கம் மாறித் தண்ணீராகப் போனால்தான் வயிற்றுப்போக்கு. கண் உள்வாங்கியிருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மலத்தில் இரத்தம் இருந்தால் அனுப்ப வேண்டும்.

ஐந்தாம் படி: பால் குடிப்பதைக் கண்ணால் பார்ப்பது

இதுவரை அனுப்ப வேண்டிய அடையாளம் எதுவும் இல்லையென்றால், கடைசி ஒரு மணி நேரத்தில் பால் குடிக்காத குழந்தையை மார்பில் போடச் சொல்லி 4 நிமிடம் அருகில் இருந்து பாருங்கள். முகவாய் மார்பைத் தொட வேண்டும். வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றிய கருவளையம் கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் தெரிய வேண்டும். ஒரு நாளில் 8 முறைக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, கழுதைப்பால் என்று வேறு எதையாவது தருகிறார்களா என்பதையும் இந்த நேரத்தில் இதமாகக் கேட்டு வையுங்கள்.

அட்டையின் நிறமும் அடுத்த நடவடிக்கையும்

கண்ட அடையாளங்கள் அட்டையில் எந்த நிறத்தில் வருகின்றனவோ, அந்த நிறம் அடுத்த வேலையைச் சொல்லும். இளஞ்சிவப்பு என்றால் உடனே அனுப்புவது. மஞ்சள் என்றால் மருந்து கொடுத்து வீட்டில் வைத்துப் பார்ப்பது. பச்சை என்றால் வீட்டுப் பராமரிப்பு. ஆபத்து அடையாளம் ஒன்றே ஒன்று இருந்தாலும் நிறம் இளஞ்சிவப்புதான். 'மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறதே' என்று சமன்செய்யும் வழக்கம் இங்கே கிடையாது.

அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கிராம சுகாதார செவிலியர்கள் ஜென்டாமைசின் ஊசி, அமாக்சிசிலின் வாய்வழி மருந்து ஆகிய கிருமிக்கொல்லிகளைக் கொடுப்பதற்கான நடைமுறையை மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்டது. எடை போட்டு, அட்டையில் உள்ள அளவுப்படி முதல் தவணையைக் கொடுத்துவிட்டே அனுப்ப வேண்டும். கண்மதிப்பில் மருந்து அளக்கக் கூடாது, பயிற்சி பெறாதவர் கொடுக்கவே கூடாது. இரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் இருக்கப் பால் கொடுக்க வேண்டும். உறிஞ்ச முடியாமல் விழுங்க மட்டும் முடிகிற குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் 20 முதல் 50 மில்லி வரை கொடுக்கலாம். நினைவில்லாத, வலிப்பு வருகிற குழந்தையின் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

108-ஐ அழைத்த பிறகு வண்டி வரும்வரையிலும், வண்டிக்குள்ளும், குழந்தை தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாக இருக்க வேண்டும். சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ இறங்கும் நேரம் முழுவதும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் சூடு அது ஒன்றுதான். தாயை வீட்டில் விட்டுப் பாட்டியின் கையில் குழந்தையை அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சூடும் பாலும் தாயிடம்தான் இருக்கின்றன. பரிந்துரைச் சீட்டில் வயது, எடை, கண்ட அடையாளங்கள், மூச்சு எண்ணிக்கை, வெப்பநிலை, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். 'குழந்தைக்கு உடம்பு சரியில்லை' என்று மட்டும் எழுதிய சீட்டால் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவருக்கு எந்தப் பயனும் இல்லை.

எவ்வளவு சொல்லியும் குடும்பம் வர மறுக்கும் நாளும் உண்டு. அதற்கென உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. 7 முதல் 59 நாள் வரையுள்ள குழந்தைக்கு வேகமூச்சு மட்டுமே இருந்தால், 7 நாட்கள் வாய்வழி அமாக்சிசிலின் கொடுத்து வெளிநோயாளியாகவே பார்க்கலாம் என்று அது சொல்கிறது. முதல் வாரக் குழந்தைக்கு அதே வேகமூச்சு இருந்தால் மருத்துவமனைதான். வயதை நாள் கணக்கில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். வலிப்பு, பாலை அறவே குடிக்க முடியாமை, அசைவற்ற நிலை ஆகியவற்றில் வீட்டு மருத்துவத்துக்கு இடமே இல்லை. அப்போது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கைபேசியில் அழைத்து, குழந்தையின் அப்பாவிடமோ தாத்தாவிடமோ, வீட்டில் முடிவெடுப்பவர் எவரோ அவரிடம், நேரடியாகப் பேச வையுங்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கும் குழந்தையை மறுபடி பார்க்கும் நாளையும் அன்றே சொல்லிவிட வேண்டும். தொப்புள் அல்லது தோல் தொற்று, பால் குடிப்பதில் சிக்கல் என்றால் 2 நாளில். காமாலை என்றால் மறுநாளே. பால் குடிக்கவில்லை, உடல் சுடுகிறது அல்லது சில்லிடுகிறது, மூச்சு வாங்குகிறது, மஞ்சள் உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டது என்றால் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் நள்ளிரவானாலும் கிளம்பி வரச் சொல்லுங்கள். மறுமுறை போகும்போது தொப்புளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தாயிடம் கேட்பதிலிருந்து தொடங்கி, மூச்சை முழு நிமிடம் எண்ணி, முதல் நாள் செய்த வரிசையிலேயே மறுபடியும் பாருங்கள்.